நடுக்கோட்டு அக்கா

தாயின் வயிற்றில் வளரும் சிசு ஒன்றின் முதுகுத்தண்டுக்குள், புதிதாய் முளைத்த நரம்பிழை ஒன்று திக்குத் தெரியாமல் தவித்தது. அதற்குக் கண் கிடையாது, வாசனைதான் வழி. தண்டின் நடுக்கோட்டில் குடியிருந்த செல் ஒருத்தி தித்திப்பான மணத்தை அனுப்பி, "வா கண்ணு, வா" என்று கூப்பிட்டாள்.

இழை ஊர்ந்து ஊர்ந்து வந்து அவள்மேல் சாய்ந்தது. "அக்கா, நான் இங்கேயே உன்கூட இருந்துடறேனே!"

சட்டென்று அவளிடமிருந்து கசப்பு வாடை அடித்தது. "வந்தாச்சில்ல? அந்தப் பக்கமா கிளம்பு. திரும்பி வந்தே, தெரியும் சேதி!"

கூப்பிட்டு வைத்து விரட்டுகிறாளே என்று இழைக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வேகத்திலேயே நடுக்கோட்டைத் தாண்டி, விறுவிறுவென்று மேலேறி, மூளையில் தனக்காகக் காத்திருந்த செல்லைத் தொட்டது.

சில வாரம் கழித்து, சிசுவின் விரல் அதன் கன்னத்தில் பட்டது. விரல் உணர்ந்தது இழை வழியாக மூளைக்கு ஓடியது. சிசு முதன்முதலாகச் சிலிர்த்தது. கூடவே இழையும் சிலிர்த்தது.

அப்போது கீழே நடுக்கோட்டில் ஒரு புது இழை கொஞ்சுவது கேட்டது: "அக்கா, இங்கேயே இருந்துடவா?"

"நல்லாத் திட்டுக்கா!" என்று மேலேயிருந்து கத்தியது பழைய இழை.