அடுத்த அறுவடைக்கு

"அடுத்த அறுவடைக்குள்ள உன் பேர்ல எழுதித் தர்றேன்டா" என்றார் அப்பா. எத்தனையாவது முறையோ!

அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் இருக்கும் எங்கள் ஒயின் ஆலையை விலைக்குக் கேட்டு வந்த சிலி நாட்டுக்காரர், வாசலில் மாதே தேநீர் குடித்தபடி காத்திருந்தார்.

"ஒண்ணு எனக்குக் குடுங்க, இல்ல அவருக்கு வித்துடுங்க" என்று கத்தினேன்.

"சின்னப் பய, உனக்கென்ன அவசரம்? பீப்பாய் கழுவவே ஒழுங்கா வரல. இன்னும் ரெண்டு வருஷம் கத்துக்கோ."

"முடியாதுப்பா. நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரமாட்டேன்."

"ஏன், எவன்டா உன்னக் கூப்பிட்டான்?"

என் பெயருக்கு வந்திருந்த அரசாங்கக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தங்களுக்கு அறுபத்தைந்து வயது நிறைவடைந்ததால், முதியோர் ஓய்வூதியம்..."

நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லதாப் போச்சு! இனி உனக்குச் சம்பளம் தர வேண்டியதில்ல. நிதானமாக் கத்துக்கோ."