இடது இடுப்பு

"அசையாம நில்லும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அவளுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு எதிரே சுவரில் கட்டம் போட்ட பெரிய தாள். அதன் முன்னால் நிற்கிற உடம்பு எங்கே கோணியிருக்கிறது என்பதைக் கட்டங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டரம்மாவுக்கு அந்தக் கட்டங்கள்கூடத் தேவையில்லை. இயன்முறை சிகிச்சையில் இருபத்திரண்டு வருடம். ஆள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன வேலை, எங்கே வலி என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருந்தால் பை சுமக்கிற விற்பனை ஆள். கட்டைவிரல் விறைத்திருந்தால் முடி வெட்டுகிறவர்.

ஒருமுறை ஒருவரின் கழுத்தைப் பார்த்தே, "சோபாவுலதானே படுக்கறீங்க, வீட்டுல சண்டையா?" என்று கேட்டு அவரை அசடு வழிய வைத்திருக்கிறார்.

அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்தப் பெண் ஒரு பெரிய கடையில் பில் போடுகிறவள். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. மதியத்துக்கு மேல் இடுப்பிலிருந்து பாதம்வரை சுண்டி இழுக்கிறது. இந்த மாதத்துக்குள் சரிசெய்துகொள்ளாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சீட்டு எழுதி இங்கே அனுப்பியதும் அவர்கள்தான்.

வாசலில் ஒரு லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஜன்னல் கண்ணாடி தடக்கென்று அதிர்ந்தது.

வாசலை ஒட்டியே சாலை. ஏதோ விபத்துக்குப் பிறகு போட்ட வேகத்தடை அது. அது வந்த புதிதில் டாக்டரம்மா எரிச்சல்பட்டார். இப்போது அதையும் வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார். அடுத்த தடக் வரைக்கும் காலை இறக்கக்கூடாது என்று நோயாளிகளை மிரட்டுவார்.

அந்தச் சத்தத்துக்கு அவளுடைய இடது கை சட்டென்று விலாவோடு ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார்.

இடது இடுப்பு வெளியே தள்ளி மேலே ஏறியிருந்தது. முதுகு வலதுபக்கம் சாய்ந்திருந்தது. இடது முழங்கை, சும்மா நிற்கும்போதும் மடங்கியே இருந்தது. இதைக் கண்டுபிடிக்க இருபத்திரண்டு வருடம் வேண்டாம்.

"பிள்ளைய எப்பவும் இடது இடுப்புலயே வச்சிருக்கே. சரியா?"

"ஆமா டாக்டர்."

"என்ன வயசு?"

"ரெண்டேகால்."

டாக்டரம்மா சிரித்தார். இந்தப் பாடத்தை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. பிள்ளையை உடம்போடு நடுவில் பிடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வழக்கம்போல முக்கியமானதைக் கடைசியில் சொன்னார்.

"நடக்கிற பிள்ளைய ஏன் சுமக்கிறே? இறக்கி விடு, நடக்கட்டும். இடுப்பு தானா நேராயிடும்."

அவள் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

டாக்டரம்மாவுக்கு அவள் முகம் நினைவில்லை. தினமும் முப்பது பேர். சொன்னதைக் காதில் வாங்காமல் திரும்பி வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சொன்னேன்ல? நீ கேட்டாத்தானே?"

இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைப் பிடித்து, இடதுபக்கத்தை மெல்லக் கீழே அழுத்தினார். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தசை கல்லாக நின்றது. சுமை எதுவும் இல்லாத இடுப்பு இப்படி எதிர்த்து அவர் பார்த்ததில்லை.

"கேட்டேன் டாக்டர். இங்கேருந்து போனதும் வாசல்லயே இறக்கி விட்டேன். அஞ்சு வருஷமாச்சு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது.

அந்த மதியம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மேஜையில் ஒருவரைப் படுக்கவைத்துத் தோளை இழுத்துக்கொண்டிருந்தார். வெளியே பிரேக் சத்தம், அதன்பின் கூச்சல். பாதியில் கையை விட்டால் படுத்திருந்தவருக்குத் தோள் பிடித்துக்கொள்ளும் என்று எழுந்து போகவில்லை. இரைச்சலாக இருக்கிறதென்று ஜன்னலை மட்டும் சாத்தச் சொன்னார். யாரோ ஒரு பையன், அம்மா கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டானாம் என்று பிற்பாடு சொன்னார்கள். அடப்பாவமே என்றார். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

மறு மாதம் வேகத்தடை வந்தது.

இப்போது அதில் ஏதோ ஒரு வண்டி ஏறி இறங்கியது. அவள் கை மறுபடியும் விலாவோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை குவிந்து, எதையோ முட்டுக்கொடுத்துப் பிடிப்பதுபோல் நின்றது.

பிறகு அவள் முகத்தை மட்டும் திருப்பினாள். வேலை போய்விடுமே என்ற கவலைதான் அந்த முகத்தில் இருந்தது.

"இவனை இறக்கி விடாம செய்யற மாதிரி, வேற ஏதாவது பயிற்சி இருக்கா டாக்டர்?"

டாக்டரம்மாவின் கை இன்னும் அவளுடைய இடது இடுப்பின் மேலேயே இருந்தது. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை மெதுவாக எடுத்துக்கொண்டார்.