ஒரு உதை, ஒரு ஓட்டு

மாநகராட்சி பட்ஜெட்டில் வயிற்றுப் பிள்ளைக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம் வந்ததிலிருந்து ஜெசிந்தாவுக்குத் தெருவில் ஏக மரியாதை. அங்கே நிறைமாதக்காரி அவள் ஒருத்திதான்.

குண்டும் குழியுமான தெருவுக்குப் புது ரோடு போடுவதா, பணத்தை வருங்காலச் சேமநிதியில் வைப்பதா? வார்டு கூட்டத்தில் ஓட்டு சரிபாதியாக நின்றது. அதிகாரி ஒரு கருவியை அவள் வயிற்றருகே நீட்டி, "சேமிக்கலாம்னா ஒரு உதை விடு ராஜா" என்றார். பிள்ளை ஓங்கி உதைத்தது. ரோடு போச்சு.

மறுவாரம் வலி எடுத்தது. புருஷன் ரொசாரியோ ஆட்டோவை விரட்டினான். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்ட வேகத்தில் அங்கேயே பிறந்துவிட்டது பெண் குழந்தை. வீல் வீலென்று கத்தியது.

"இப்ப ஏன்டி கத்துற? ஓட்டுப் போட்டது நீதானே?" என்றாள் ஜெசிந்தா மூச்சு வாங்க.

ரொசாரியோவின் கைபேசியில் மாநகராட்சியின் குரல் பேசியது: "பிறந்த குடிமகளுக்கு வாழ்த்துகள். இனி உங்கள் அடுத்த ஓட்டு பதினெட்டு வயதில்."

"பதினெட்டு வருஷம் இந்தப் பள்ளத்துலயா?" ரொசாரியோ தலையைச் சொறிந்தான். "அதுக்கு முன்னாடி நமக்கு இன்னொரு ஓட்டு வேணும்னா..." என்று இழுத்தான்.

ஜெசிந்தா காலால் செருப்பைத் தேடினாள்.