பன்னிரண்டு சீட்டு

எங்கள் பவுண்டரியில் உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு எப்போது ஓய்வு என்று இப்போது மேஸ்திரி சொல்வதில்லை, ரத்தம் சொல்கிறது. சூட்டில் கெட்டுப்போன புரதத்தின் மேல், இதை அப்புறப்படுத்து என்று உடம்பே சீட்டு ஒட்டிவிடுமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்தி அந்தச் சீட்டை எண்ணுகிறார்கள். அறுபதைத் தாண்டினால் ஓய்வறைக் கதவு திறக்கும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

இன்றைக்கு நாச்சிமுத்துவுக்கு எழுபத்தொன்று, எனக்குப் பன்னிரண்டு.

"அர்த்தனாரியண்ணன் உலைக்குள்ளயே குடியிருப்பாருங்க," என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவன் ஓய்வுக்குப் போனான். என்னைவிட முப்பது வயது இளையவன். எனக்கோ கண் முன்னால் பூச்சி பறந்தது.

நர்ஸ் வெண்ணிலா இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள். மறுபடியும் பன்னிரண்டுதான்.

"சேதம் கம்மின்னு இல்லீங்கய்யா. சீட்டு ஒட்டறதையே உங்க ஒடம்பு விட்டுப்போட்டுதுங்க. வயசானா அப்படித்தான்."

"அப்ப அதை எழுதிக் குடு, கண்ணு. நானும் போய் உக்காருறேன்."

"எழுதுனா நாளையிலிருந்து வேலைக்கே வர வேண்டாம்பாங்க. எழுதட்டுங்களா?"

வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருத்தன்தான். வேண்டாம் என்று எழுந்தேன். அவள் என் கையை விடவில்லை.

"இன்னும் எட்டு விரல் இருக்குதுங்களே. உக்காருங்க, மெதுவாக் குத்திப் பாக்கலாம்."

நாற்காலியில் சாய்ந்து, கையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.