அஞ்சு குடும்பத்துக்குக் கொள்ளுத்தாத்தா

இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை. அதைப் புதிதாக வாங்கியவர், கூடத்தில் தொங்கிய படத்தை விருந்தாளிகளுக்குக் காட்டி, "எங்க கொள்ளுத்தாத்தா. மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு!" என்றார்.

போன வாரம்தான் எதிர்ச்சுவரில் மாட்டப்பட்ட மான்தலை, "நிஜமாவா பெரியவரே?" என்று படத்தைக் கேட்டது.

"இந்த வீட்டை வாங்கின அஞ்சு குடும்பத்துக்கும் நான்தான் கொள்ளுத்தாத்தா," என்றது படம். "எனக்குக் கல்யாணமே ஆகலை."

மான்தலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மனுஷங்களுக்கு வெட்கமே கிடையாது! நான் ரொட்டி வேன்ல அடிபட்டுச் செத்தேன். அதை மறைக்கிறேனா?"

அதற்குள் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். "இது தாத்தா மூணு நாள் காட்டுல துரத்திச் சுட்ட மான். சாகும்போதுகூட முறைச்சுதாம்!"

"அடேங்கப்பா!" என்றார்கள் விருந்தாளிகள்.

மான்தலை அவசர அவசரமாக முறைத்தது.