நட்டநடுவில் ஒரு கிசுகிசு

“யாரு சொன்னதுன்னு தெரிஞ்சாகணும். அந்த ஆளு இனிமே என் குழுவுல இருக்கக் கூடாது!” ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டார் வாத்தியக் குழுத் தலைவர்.

அவர் டீ குடிக்கப் போயிருந்த இடைவேளையும் பாட்டோடு சேர்ந்து பதிவாகியிருந்தது. அதில் யாரோ கிசுகிசுக்கிறார்கள்: ‘இவரு கையாட்டறது தாளம் போடற மாதிரியா இருக்கு? ஈ விரட்டற மாதிரி இருக்கு.’ உடனே எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“கிசுகிசுன்னு பேசினா குரல் பிடிபடாது சார்,” என்றாள் ஒலிப்பதிவு செய்த பெண். “ஆனா இடம் பிடிபடும். முன்னாடி ரெண்டு மைக்கை ஜோடியா வச்சிருந்தேன். இடது பக்கம் இருந்து பேசினா இடது காதுல கேக்கும். வலது பக்கம்னா வலது காதுல.”

“புல்லாங்குழல்காரனாத்தான் இருக்கும். இடது ஓரத்துல உக்காந்துக்கிட்டு எப்பப் பாரு நக்கல்! மறுபடியும் போடும்மா.”

போட்டாள். ஹெட்போனை மறுபடி மாட்டி, கண்ணை மூடிக் கேட்டவரின் முகம் மெல்ல மாறியது.

“ரெண்டு காதுலயும் ஒரே அளவா கேக்குதே?”

“அப்ப நட்டநடுவுல இருந்தவங்க சார். நடு நாற்காலி யாரோடது?”

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து வயலின் வாசித்தவள் அவர் மனைவி.

“அழிச்சிடும்மா,” என்றார் கடைசியில். “யாரோ என்னமோ சொல்லிட்டுப் போறாங்க. கலைஞனுக்குப் பொறுமை வேணும்.”

அவர் தலை மறைந்ததும் முதல் வேலையாக அந்த ஒலிப்பதிவுப் பெண் அதை அழித்தாள். இடைவேளையில் மைக்கைச் சரிசெய்ய நட்டநடுவில் போய் நின்று, வாயை விட்டவள் அவள்தான்.