கீழ்முடிச்சு

“உனக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?”

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே அவன் இப்படிக் கேட்டதும் அவளுக்குக் காதுமடல் வரை சூடேறிவிட்டது. அவன் நீட்டியதோ வெறும் நூல்.

ஆட்டின் மூச்சுக்குழாயிலிருந்து மோதிரம் போல வெட்டிய ஒரு துண்டு. அதன் மேலும் கீழும் நூல் கட்டி, வெதுவெதுப்பான உப்புநீருக்குள் தொங்கவிட வேண்டும். தசை இறுகினால் திரையில் கோடு ஏறும். தளர்ந்தால் இறங்கும்.

அன்றிலிருந்து கட்டுவது அவள்தான். ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

அங்கே மூத்தவர்களை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை மட்டும் அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய் இருமுவாள்.

இன்று அவனுக்குப் பெரிய நாள். மூச்சிரைப்புக்கு இரண்டு மருந்துகள். தனித்தனியாக விட்டால் தசை பாதிதான் தளர்கிறது. சேர்த்து விட்டால் முழுக்கத் தளரும் என்று காட்டிவிட்டால், அடுத்த மாதமே அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொல்லியிருந்தார்.

அவன் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. போகக்கூடாது என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

“இன்னைக்கு நானே கட்டுறேன். நீ போய் உப்புத்தண்ணி கொண்டு வா.”

அவள் திரும்பி வந்தபோது துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேடமும் வந்து நின்றார்.

இறுக்கும் மருந்துக்குக் கோடு ஏறி நின்றது. பிறகு முதல் மருந்து. அதோடு இரண்டாவது. அதை விடும்போது அவன் சுண்டுவிரல் நூலில் பட்டது போலிருந்தது.

கோடு தொப்பென்று அடியில் விழுந்தது.

மருந்துக்குத் தளரும் தசை, மூட்டுவலிக்காரர் படியிறங்குவது போல மெதுவாகத்தான் இறங்கும். இது மாடியிலிருந்து குதித்திருந்தது.

“மருந்து பிரமாதம்,” என்றார் மேடம். “யாருப்பா முடிச்சுப் போட்டது?”

“நான்தான் மேடம். எனக்கு இந்த முடிச்சே சரியா வராது.”

சொன்னவன் முகத்தில் பால் வடிந்தது.

மேடம், அடியில் மாட்டியிருந்த கொக்கியோடு துண்டை வெளியே தூக்கினார். மேல்முடிச்சு அவிழ்ந்துபோயிருந்தது; இனி இந்தச் சோதனை செல்லாது. கீழ்முடிச்சு அப்படியே இருந்தது. ஷூ லேஸுக்குப் போடுவோமே, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்வது, அந்த முடிச்சு. அளவெடுத்தது போல இரண்டு காதுகள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன இழுத்தாலும் அவிழாத இரட்டை முடிச்சை முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அவள் இருமினாள். அவன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

மேடம் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேசையிலிருந்த நூற்கண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.